சிப்பிப் படுகையும் முத்துப் பாரும்: வாழ்சூழல், உயிர்க்குழுமம், திணை

முன்னுரை

ஓர் இடத்தின் தன்மை அங்கு வாழும் உயிர்களின் வகையையும் எண்ணிக்கையையும் நடத்தையையும் எவ்வாறு வரையறுக்கிறது என்னும் வினா பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மனியில் தனித்துறையாக வளர்ந்தது. இன்று தமிழில் சூழலியல் என வழங்கும் அத்துறைக்கு 1866இல் பெயரிட்டவர் எர்ன்ஸ்ட் ஹெக்கல். அதற்குப் பதினோர் ஆண்டுகளுக்குப் பின், கீல் பல்கலைக்கழக விலங்கியல் பேராசிரியர் கார்ல் மோபியஸ், வடகடலின் சிப்பிப் படுகைகளை ஆராய்ந்து, ஓரிடத்தில் ஒருங்கு வாழும் உயிர்த்தொகுதியைக் குறிக்கப் ‘பயோசினோஸே’ என்னும் சொல்லை ஆக்கினார். அதனை இக்கட்டுரை ‘உயிர்க்குழுமம்’ எனக் குறிக்கிறது.

தமிழாய்வுலகில் திணைக் கோட்பாட்டைச் சூழலியலோடு இணைத்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. எனினும் அந்த ஒப்பீடு பெரும்பாலும் பொதுநிலையிலேயே நின்றுவிடுகிறது. முதற்பொருள் என்பது சூழல், கருப்பொருள் என்பது உயிரினம் என்ற அளவில் அது முடிந்துவிடுவதுண்டு. ஒரு குறிப்பிட்ட இடத்தையும், அங்கு வாழ்ந்த உயிர்களையும், அவை அழிந்த வரலாற்றையும் அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் இவ்வொப்பீடு எவ்வளவு தூரம் செல்லும், எங்கே நின்றுவிடும் என்பது தெளிவாகும். மோபியஸ் ஆராய்ந்த வடகடற் படுகைகளையும் மன்னார் வளைகுடாவின் முத்துப் பார்களையும் கொண்டு அதனைக் காண்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பொருளாதார வினாவிலிருந்து பிறந்த ஆய்வு

ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைனின் மேலைக்கரையை ஒட்டி சில்ட், அம்ரூம், ஃபோர் முதலிய தீவுகள் உள்ளன. இவற்றுக்கும் நிலப்பகுதிக்கும் இடைப்பட்ட ஆழமற்ற கடல் வாட்டன் கடல் எனப்படும். ஓதம் இறங்கும்போது பரந்த சேற்றுநிலம் வெளிப்படும். ஓதம் ஏறும்போது அந்நிலம் மீண்டும் நீருள் மறையும். இச்சேற்றுநிலத்தை ஊடறுத்துச் செல்லும் ஆழமான ஓதக்கால்களின் சரிவுகளிலேயே ஐரோப்பியச் சிப்பியின் படுகைகள் அமைந்திருந்தன. டேனிஷ் அரசின் ஆளுகைக்குள் இருந்த இப்பகுதி 1864ஆம் ஆண்டுப் போருக்குப் பின் பிரஷ்யாவின் வசமாயிற்று.

அக்காலத்தில் பிரான்சின் கடற்கரைகளில் செயற்கைச் சிப்பி வளர்ப்பு பெரிதும் பேசப்பட்டது. இருப்புப்பாதைகள் உள்நாட்டு நகரங்களைக் கடற்கரையோடு இணைத்திருந்தமையால் சிப்பிக்குத் தேவை பெருகியிருந்தது. அத்தகைய வளர்ப்பை வடஜெர்மானியக் கரைகளிலும் மேற்கொள்ள இயலுமா என்பதே பிரஷ்ய அரசு மோபியஸின் முன் வைத்த வினா. அவர் பிரான்சு, இங்கிலாந்துக் கரைகளையும் நேரிற் கண்டு ஆராய்ந்து 1870இல் ஓர் அறிக்கையையும், 1877இல் ‘சிப்பியும் சிப்பிப் பொருளாதாரமும்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஒரு நூலையும் வெளியிட்டார்.

மோபியஸின் விடை அரசு எதிர்பார்த்ததற்கு மாறானது. வாட்டன் கடலின் கடுங்குளிர், பனிக்கட்டி, அலைந்து திரியும் மணல், விரைந்தோடும் ஓதநீர் ஆகியவை பிரெஞ்சு முறையிலான வளர்ப்புக்கு இடந்தரமாட்டா என்றார். பால்டிக் கடலிலோ நீரின் உவர்ப்பே சிப்பிக்குப் போதாது. ஒரு கரையில் பயன்தரும் முறை மற்றொரு கரையில் பயன்தராமைக்குக் காரணம் மனிதரின் திறமைக் குறைவன்று. அவ்விடத்தின் இயல்பே என்பது அவர் முடிவு.

படுகையின் இயல்பும் சிப்பியின் நடத்தையும்

மோபியஸின் முடிவைப் புரிந்துகொள்ள ஐரோப்பியச் சிப்பியின் வாழ்க்கை முறையை அறிதல் வேண்டும். இச்சிப்பி முதலில் ஆணாக முதிர்ந்து, பின்னர்ப் பெண்ணாக மாறி, வாழ்நாளில் இவ்வாறு மாறிமாறி இயங்கும் தன்மையுடையது. இம்மாற்றத்தின் வேகம் நீரின் வெப்பத்தைப் பொறுத்தது. வெப்பம் மிகுந்த நீரில் மாற்றம் விரைந்து நிகழும். குளிர்ந்த வடகடலில் அது மெதுவாக நிகழும். முட்டைகள் தாய்ச்சிப்பியின் ஓட்டுக்குள்ளேயே சில நாள்கள் வளர்ந்து, நுண்ணிய நீந்தும் இளவுயிர்களாக வெளியேறுகின்றன.

இவ்விளவுயிர் ஏறத்தாழ இரண்டு வாரங்கள் நீரோட்டத்தில் மிதந்தபின் நிலையாக ஒட்டிக்கொள்ள ஓர் இடத்தைத் தேடுகிறது. ஒருமுறை ஒட்டிக்கொண்டால் அதன்பின் இடம்பெயராது. மென்சேற்றில் விழுந்தால் புதைந்து இறக்கும். அலையும் மணலில் விழுந்தால் மூடப்பட்டு இறக்கும். அதற்குத் தூய்மையான, கடினமான, நீரோட்டமுள்ள தளம் வேண்டும். வாட்டன் கடலின் அடித்தளத்திலோ பாறை அரிது. பெரும்பாலும் அங்குக் கிடைக்கும் கடினத் தளம் முன்னர் வாழ்ந்து மடிந்த சிப்பிகளின் ஓடுகளே. தன் இனத்தார் வாழும் இடத்தை இளவுயிர் நாடிச் சென்று ஒட்டுவதும் பிற்கால ஆய்வுகளால் உறுதிப்பட்டுள்ளது. ஆகவே ஒரு தலைமுறைச் சிப்பியின் ஓடு அடுத்த தலைமுறைக்கு நிலமாகிறது.

இவ்வோடுகளின் மேல் சிப்பி மட்டும் வாழவில்லை. மோபியஸ் வலையிட்டு எடுத்த படுகைப் பொருள்களில் கடற்பஞ்சுகள், மென்பவளங்கள், குழாய்ப்புழுக்கள், நண்டுகள், நத்தைகள், விண்மீன் உயிரிகள், கடல் முள்ளெலிகள் ஆகியன செறிந்திருந்தன. சுற்றியிருந்த மணற்பரப்பைவிடப் படுகையே உயிர்வளம் மிக்கதாக இருந்ததை அவர் பதிவுசெய்தார். ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டுவன, ஓட்டைத் துளைத்து வாழ்வன, இடுக்கில் பதுங்குவன, இவற்றைத் தேடிவந்து உண்பன என ஒவ்வொன்றின் நடத்தையும் அப்படுகையின் அமைப்பால் வடிவம் பெற்றிருந்தது.

உயிர்க்குழுமம் என்னும் கருத்து

இந்நிலையில் மோபியஸ் ஒரு சொற்குறையை உணர்ந்தார். ஓரிடத்தின் சராசரிச் சூழ்நிலைகளுக்கு ஏற்பத் தெரிந்தெடுக்கப்பட்டு, ஒன்றையொன்று வரையறுத்துக்கொண்டு, இனப்பெருக்கத்தால் அவ்விடத்தைத் தொடர்ந்து தம் வசம் வைத்திருக்கும் உயிர்த்தொகுதிக்கு அறிவியலில் பெயரில்லை என அவர் சுட்டினார். அவர் ஆக்கிய புதுச்சொல் அக்குறையை நிரப்பியது.

இக்கருத்தில் மூன்று கூறுகள் முதன்மையானவை. முதலாவது எண்ணிக்கை பற்றியது. ஒரு சிப்பி பத்து இலட்சத்திற்கும் குறையாத இளவுயிர்களை ஈன்றாலும் அவற்றுள் முழு வளர்ச்சி அடைவது ஏறத்தாழ ஒன்றே என அவர் கணக்கிட்டார். மிகுதியாக ஈனும் உயிர் அழியாது என்ற அக்கால நம்பிக்கையை இக்கணக்கு மறுத்தது. வடகடலில் சிப்பி மிகுதியாக ஈனுவது அங்கு இழப்பு மிகுதி என்பதன் அடையாளமேயன்றி வளத்தின் அடையாளமன்று.

இரண்டாவது எல்லை பற்றியது. ஓரிடம் தாங்கக்கூடிய உயிர்களின் அளவுக்கு வரம்புண்டு. சிப்பி நீங்கிய இடம் வெற்றிடமாக நில்லாது. மற்றோர் உயிர் அதனை நிரப்பும். பிரான்சின் மேலைக்கரையில் மிகையாக வாரப்பட்ட படுகைகளில் சிப்பிக்கு மாறாக மட்டியினங்கள் குடியேறியதை மோபியஸ் சான்றாகக் காட்டினார். அவ்விடத்தைச் சிப்பி திரும்பப் பெறுவது எளிதன்று.

மூன்றாவது மாற்றம் பற்றியது. வெப்பம், உவர்ப்பு, நீரோட்டம் ஆகிய சூழ்நிலைகளுள் ஒன்று சராசரியிலிருந்து நெடுநாள் விலகினாலும், மனிதர் ஓரினத்தின் எண்ணிக்கையைக் கூட்டினாலும் குறைத்தாலும், குழுமம் முழுவதும் மாறும். மோபியஸின் நோக்கில் மனிதர் குழுமத்திற்கு வெளியே நின்று பார்ப்பவர் அல்லர். வலை வீசும் கை அக்குழுமத்தின் எண்ணிக்கையை வரையறுக்கும் காரணிகளுள் ஒன்று. சிப்பியைப் பற்றிய நூல் சிப்பிப் பொருளாதாரத்தைப் பற்றிய நூலாகவும் அமைந்ததன் பொருள் இதுவே.

படுகைகள் மறைந்த வரலாறு

மோபியஸின் எச்சரிக்கை அச்சேறி அறிஞரிடையே பரவியது. 1883இல் அமெரிக்க மீன்வள ஆணையத்தின் வாயிலாக ஆங்கிலத்திலும் வெளிவந்தது. ஆயினும் அவர் ஆராய்ந்த படுகைகள் காக்கப்படவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிப்பி வளம் தேய்ந்தது. அதன் காரணங்களை அறியவே 1924இல் சில்ட் தீவின் லிஸ்ட் என்னும் ஊரில் ஓர் ஆய்வகம் அமைக்கப்பட்டது. ஆயினும் அந்நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஐரோப்பியச் சிப்பி ஜெர்மானிய வாட்டன் கடலிலிருந்து மறைந்துவிட்டது. ஹெல்கோலாந்து தீவை அடுத்த ஆழ்கடற் படுகையும் அழிந்தது.

மோபியஸ் எழுதிவைத்த உயிரினப் பட்டியல்கள் பின்னாளில் வேறொரு பயனைத் தந்தன. கார்ஸ்டன் ரைசேயும் அவர்தம் உடன் ஆய்வாளரும் சில்ட் பகுதியின் அடித்தள உயிர்களை மீண்டும் ஆராய்ந்து, பழைய பதிவுகளோடு ஒப்பிட்டு 1989இல் வெளியிட்டனர். சிப்பிப் படுகையோடு வாழ்ந்த இனங்கள் குறைந்திருந்தன. நீலமட்டிப் படுகைகள் பெருகியிருந்தன. பிரெஞ்சுக் கரையில் மோபியஸ் கண்ட அதே நிகழ்வு அவருடைய சொந்த ஆய்வுக்களத்திலும் நடந்தேறியிருந்தது.

அடுத்த மாற்றம் வெளியிலிருந்து வந்தது. 1986இல் லிஸ்ட்டில் பசிபிக் சிப்பியின் வணிகப் பண்ணை தொடங்கப்பட்டது. வடகடலின் குளிரில் அவ்வினம் தானாகப் பெருக இயலாது என்று கருதப்பட்டது. ஆனால் 1991இல் பண்ணைக்கு வெளியே, நீலமட்டிகளின் ஓடுகளின் மேல், இளம் பசிபிக் சிப்பிகள் காணப்பட்டன. இருபத்தொன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அடுத்தடுத்து வந்த வெப்பமிகு கோடைகளில் அவை பெருமளவில் பெருகின. 2009–2010ஆம் ஆண்டுக் கடுங்குளிர் அவற்றுள் பலவற்றை அழித்தபோதும் அவ்வினம் மீண்டெழுந்தது. ஒரு சில பாகை வெப்பவேறுபாடு கடலடியின் குடிமக்களை மாற்றிவிட்டது.

அந்த மாற்றம் உயிர்களின் நடத்தையிலும் பதிந்துள்ளது. நீலமட்டி முழுமையாக ஒட்டிநிற்கும் உயிரன்று. தான் சுரக்கும் நூலிழைகளால் பற்றிக்கொண்டு சிறிது சிறிதாக நகர வல்லது. பசிபிக் சிப்பிகள் செங்குத்தாக எழுந்து நிற்கும் படுகைகளில் நீலமட்டிகள் மேற்புறத்தை விட்டுச் சிப்பிகளுக்கு இடையே கீழிறங்கி வாழ்வதை சில்ட் ஆய்வுகள் காட்டின. அங்கே நண்டுக்கும் பறவைக்கும் அவை எளிதில் அகப்படுவதில்லை. ஆனால் உணவு தாங்கிவரும் நீர் அவ்வாழத்தில் குறைவு. ஆகையால் வளர்ச்சி குன்றுகிறது. பாதுகாப்பைப் பெற வளர்ச்சியை விலையாகக் கொடுக்கும் இந்நடத்தை புதிய சூழலில் வெளிப்பட்டதாகும். வெளியிலிருந்து வந்த இனம் உள்ளூர் இனத்தை முற்றிலும் அழித்துவிடும் என்ற அச்சம் முழுமையாக மெய்ப்படவில்லை. இரண்டும் சேர்ந்து வாழும் ஒரு புதுக்குழுமம் உருவாகியிருக்கிறது. ஆனால் அது மோபியஸ் கண்ட குழுமமன்று.

மன்னார் வளைகுடாவின் பார்கள்

வடகடற் படுகைக்கு இணையான ஒன்று தமிழ்க் கடலிலும் உண்டு. தூத்துக்குடிக்கும் இலங்கையின் மேலைக்கரைக்கும் இடைப்பட்ட மன்னார் வளைகுடாவில் முத்துச்சிப்பி வாழும் கடலடித் திட்டுகளைப் ‘பார்’ என்பர். பார் என்னும் சொல் முதன்மையாகக் கடினமான கடற்றளத்தைக் குறிக்கிறது. முத்துக்குளிப்போரும் கடலோடிகளும் ஒவ்வொரு பாரையும் தனிப்பெயரால் அறிந்திருந்தனர். தூத்துக்குடிக் கடலில் தொள்ளாயிரம் பாரும் இலங்கைக் கடலில் பெரிய பாரும் அவ்வாறு பெயர்பெற்றவை. சிப்பியைத் தேடும் அறிவு இங்குத் தளத்தைத் தேடும் அறிவாகவே அமைந்திருந்தது.

மோபியஸுக்கும் முத்துக்கும் தொடர்புண்டு. சிப்பிப் படுகைகளை ஆராயும் முன்பே, 1858இல், முத்துகளின் வணிகமும் இயற்கை வரலாறும் பற்றி அவர் ஹாம்பர்கில் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். எனினும் மன்னார் வளைகுடாப் பார்களின் விரிவான சூழலாய்வு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நிகழ்ந்தது. முத்துக்குளிப்பு ஏன் இடையிடையே பல்லாண்டுகள் பொய்த்துப்போகிறது என்பதை அறிய 1902இல் வில்லியம் ஹெர்ட்மன் இலங்கைக்கு வந்தார். அவருக்குத் துணைநின்ற ஜேம்ஸ் ஹார்னல் பின்னர்ச் சென்னை மாகாண முத்துப் பார்களைப் பற்றி 1905இல் அறிக்கை அளித்தார்.

பெரிய பாரைப் பற்றிய ஹெர்ட்மனின் செய்தி இவ்விடத்தில் கருதத்தக்கது. 1880 முதல் 1902 வரை அப்பாரில் பதினொரு முறையேனும் இளஞ்சிப்பிகள் திரளாகப் படிந்தன. ஒருமுறையேனும் அவை முத்துக்குளிப்புக்கு உரிய பருவம்வரை வாழவில்லை. தென்மேற்குப் பருவக்காற்றின் அலைவேகத்துக்கு நேரே அமைந்த தளமாதலால், படிந்த இளஞ்சிப்பிகள் அடித்துச் செல்லப்பட்டன, மணலால் மூடப்பட்டன. இளவுயிர்களுக்கு அங்குக் குறைவில்லை. அவற்றை நிலைக்கவிடும் பொழுதும் நிலமும் இல்லை. வடகடலில் மோபியஸ் கணக்கிட்டுக் காட்டியதையே மன்னார்க் கடலும் வேறு முறையில் காட்டியது.

தூத்துக்குடியில் இறுதியாக 1961இல் முத்துக்குளிப்பு நடைபெற்றது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் அங்கு வளர்ப்பு முத்தை ஆக்குவதில் வெற்றிகண்டது. மன்னார் வளைகுடா 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டது. முத்தை ஆக்கும் நுட்பம் கைவந்ததாயினும், பார்களில் முன்போன்ற இயற்கை விளைச்சல் திரும்பவில்லை.

திணையும் உயிர்க்குழுமமும்

மேற்கண்ட இரு கடல்களையும் கருத்திற்கொண்டு திணைக் கோட்பாட்டை நோக்கினால் சில ஒற்றுமைகளும் சில வேற்றுமைகளும் தெளிவாகின்றன. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருளில் அடக்குகிறது. உணவும் தொழிலும் விலங்கோடும் பறவையோடும் ஒரே வரிசையில் வைக்கப்பட்டுள்ளமை கருதத்தக்கது. நெய்தலில் மீனும் உப்பும் பரதவர் தொழிலும் ஒரே தொகுதியின் கூறுகள். மனிதரை உட்கொண்டே தொகுதியைக் காணும் இப்பார்வை மோபியஸின் பார்வையோடு ஒத்துச்செல்கிறது.

காலத்தையும் முதற்பொருளாகக் கொண்டது இரண்டாவது ஒற்றுமை. நிலம் மட்டும் உயிரை வரையறுப்பதில்லை. பெரும்பொழுதும் சிறுபொழுதும் சேர்ந்தே வரையறுக்கின்றன. பெரிய பாரின் இளஞ்சிப்பிகளைப் பருவக்காற்று கொண்டுசென்றதும், வடகடலின் கோடைகள் பசிபிக் சிப்பிக்கு வழிவிட்டதும் இதற்கு ஏற்ற விளக்கங்களாகும். ஒரு நிலத்துப் பூவும் பறவையும் மற்றொரு நிலத்தில் வரினும் வந்த நிலத்தின் பயத்தவாகக் கொள்ளப்படும் என்ற தொல்காப்பிய விதியும், முல்லையும் குறிஞ்சியும் வேனிலின் வெம்மையால் தம் இயல்பு திரிந்து பாலையாகும் என்ற சிலப்பதிகாரக் கருத்தும், திணை அசையாத பட்டியலன்று என்பதை உணர்த்துகின்றன.

வேற்றுமைகளும் அதே அளவுக்கு முதன்மையானவை. திணையில் கருப்பொருள் உரிப்பொருளுக்குத் துணையாக நிற்கிறது. நெய்தலின் கடற்காட்சி இரங்கலை உணர்த்துவதற்காக அமைகிறது. தொல்காப்பியரின் நோக்கம் செய்யுளின் பொருளமைதி; கடலின் உயிர்த்தொகையை அளப்பது அன்று. எத்தனை ஈன்றால் எத்தனை பிழைக்கும், ஓரினம் நீங்கினால் எது அவ்விடத்தை நிரப்பும் என்னும் வினாக்கள் அங்கு எழவில்லை. சங்கக் கவிதையில் நிலத்தோற்றம் பற்றித் தனிநாயகம் அடிகள் 1966இல் வெளியிட்ட ஆங்கில நூல் திணையைக் கவிதையியலுக்குள் வைத்தே ஆராய்ந்தது. திணையை நவீன அறிவியலின் முன்வடிவம் என உரிமை கோருவது அதன் தனிச்சிறப்பையும் மறைக்கும். மோபியஸ் எண்ணி அளந்து பெற்ற முடிவின் அருமையையும் மறைக்கும்.

சிப்பிப் படுகை திணைக் கோட்பாட்டின் முன் வைக்கும் வினா மற்றொன்றும் உண்டு. முதற்பொருள் கருப்பொருளுக்கு அடிப்படை என்பது இலக்கண மரபு. படுகையிலோ கருப்பொருளே முதற்பொருளாகிறது. மடிந்த சிப்பியின் ஓடு வாழும் சிப்பிக்கு நிலம். எனவே சிப்பியை மிகையாக வாரியவர்கள் ஓர் உயிரினத்தை மட்டும் எடுக்கவில்லை. அது ஊன்றி நின்ற நிலத்தையும் எடுத்துவிட்டனர். வாருதல் நின்ற பின்னரும் சிப்பி ஏன் திரும்பவில்லை என்பதற்கு இதுவே முதன்மையான விளக்கங்களுள் ஒன்றாகும்.

மீட்பு முயற்சி

ஆல்ஃபிரெட் வெகனர் ஆய்வு நிறுவனம், ஜெர்மானியக் கூட்டாட்சி இயற்கைப் பாதுகாப்பு அமைப்பின் ஆதரவுடன், ஐரோப்பியச் சிப்பியை வடகடலுக்கு மீட்டுக்கொண்டுவரும் முயற்சியில் 2016 முதல் ஈடுபட்டுள்ளது. 2017இல் ஐரோப்பிய நாடுகளின் ஆய்வாளர் பெர்லினில் கூடி இதற்கென ஒரு கூட்டமைப்பை உருவாக்கினர். 2020இல் போர்க்கும் தீவுக்கு அப்பாலுள்ள காப்புக்கடலில் முன்னோடிப் படுகை ஒன்று அமைக்கப்பட்டது. ஹெல்கோலாந்தில் நோயற்ற இளஞ்சிப்பிகள் வளர்க்கப்படுகின்றன.

இம்முயற்சியின் அமைப்பு முற்கூறிய கருத்துக்குச் சான்றாகிறது. சிப்பியை மட்டும் கடலில் இட்டால் போதாது. அது பற்றிக்கொள்ளக் கடினத் தளத்தை முதலில் இட வேண்டும். கடலடியைக் கிளறும் இழுவலை அவ்விடத்தில் இயங்காதிருக்க வேண்டும். மோபியஸின் களமாகிய வாட்டன் கடலை விட்டு, கரைக்கு அப்பாலுள்ள ஆழமான காப்புக்கடல் தெரிவுசெய்யப்பட்டதும் கருதத்தக்கது. வாட்டன் கடலின் ஓதச்சேற்றில் இன்று பசிபிக் சிப்பியும் நீலமட்டியும் சேர்ந்த வேறொரு குழுமம் நிலைபெற்றுவிட்டது. பழைய இடத்திற்குத் திரும்புவது எப்போதும் பழைய குழுமத்திற்குத் திரும்புவதாகாது.

முடிவுரை

சூழ்நிலை உயிர்களின் வகையையும் நடத்தையையும் வரையறுக்கிறது என்பது இவ்வரலாற்றின் ஒரு பாதி. உயிர்களே பிற உயிர்களுக்குச் சூழ்நிலையாகின்றன என்பது மறுபாதி. ஐரோப்பியச் சிப்பியின் இளவுயிர் தன் இனத்தின் ஓட்டை நாடுகிறது. நீலமட்டி புதிய சிப்பிகளின் இடையே கீழிறங்குகிறது. முத்துச்சிப்பி பருவக்காற்று விட்டுவைத்த பாரில் மட்டும் முதிர்கிறது. இம்மூன்று நடத்தைகளும் நிலத்தையும் பொழுதையும் உயிரையும் பிரித்துக் காண இயலாது என்பதைக் காட்டுகின்றன.

திணை ஆய்வுக்கு இதிலிருந்து கிடைக்கும் பயன் வரையறுத்த ஒன்றாயினும் உறுதியானது. கருப்பொருட் பட்டியல்களைச் சூழலியற் சான்றாக எடுத்துக்காட்டுவதோடு நில்லாமல், பார்களின் பெயர்கள், கடலோடிகளின் தள அறிவு, முத்துக்குளிப்புப் பதிவுகள் ஆகியவற்றை இடம்சுட்டி ஆண்டுசுட்டித் தொகுக்க வேண்டும். மோபியஸ் தம் காலத்தில் எழுதிவைத்த பட்டியல் ஒரு நூற்றாண்டுக்குப் பின் சில்ட் கடலின் மாற்றத்தை அளக்கும் கோலாயிற்று. மன்னார் வளைகுடாவின் ஒவ்வொரு பாருக்கும் அத்தகைய பதிவு தமிழில் உருவாகுமாயின், இனி வரும் மாற்றங்களை அளக்கத் தமிழே ஓர் அளவுகோலைத் தந்ததாகும்.